மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன் சிகிச்சை: யாருக்கு, எப்போது, எந்த வடிவில்?

கேள்வி: எனக்கு 49 வயது. மாதவிடாய் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது உடம்பு திடீரென்று கொதிக்கிறது. இரவில் வியர்வையில் நனைந்துபோய் எழுந்துவிடுகிறேன். சரியான தூக்கம் இல்லாமல் வேலையில் கவனம் போய்விட்டது. மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் பேட்ச்சும் புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். "அது புற்றுநோய் வரவைக்கும், தொடாதே" என்கிறாள் என் அக்கா. பெரியம்மாவுக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. நான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அளவு கட்டுக்குள் இருக்கிறது. இந்த ஹார்மோனை எடுத்துக்கொள்ளலாமா? எடுத்தால் எத்தனை வருடம்?

பதில்:

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் மருத்துவர் தோலில் ஒட்டும் பேட்ச் கொடுத்திருப்பதும் நல்ல தேர்வு. அதற்காக உங்கள் அக்காவின் பயத்தை ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதில் எவ்வளவு உங்களுக்குப் பொருந்தும், எவ்வளவு பொருந்தாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடம் இருக்கிறது. உடலின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்வது அதுதான். அங்கே உள்ள சில நரம்பு செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். சினைப்பை ஓயத் தொடங்கி ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது அந்தச் செல்கள் கட்டவிழ்ந்து வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. வழக்கமாக உடல் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மூளை கண்டுகொள்ளாது. இப்போது அந்தச் சகிப்பு எல்லை சுருங்கிவிடுகிறது. இம்மியளவு சூடு ஏறினாலும் "கொதிக்கிறது, குளிரவை" என்று உத்தரவு போகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகமும் கழுத்தும் சிவக்கின்றன, வியர்வை கொட்டுகிறது. அப்புறம் குளிர் நடுக்கம். மனசு சரியில்லை, பொறுத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது நரம்பு செல்களின் வேலை. சும்மா விட்டால் போய்விடும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், அடிக்கடி சூடு பொங்கும் பெண்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். அவ்வளவு காலம் தூக்கமில்லாமல் இருக்கச் சொல்வது சாதாரண அறிவுரை ஆகாது.

இனி அந்தப் பயத்தின் வரலாறு. கர்ப்பிணிக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1960களில் அதை என்றும் இளமையாக வைத்திருக்கும் மருந்தாகக் கொண்டாடினார்கள். 1975-ல் முதல் அடி விழுந்தது. கர்ப்பப்பை உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று தெரியவந்தது. ஈஸ்ட்ரோஜன் உட்சுவரை வளர்த்துக்கொண்டே போகும், அதை அடக்க ஆள் இல்லை. அந்த அடக்கும் வேலைக்குத்தான் புரோஜெஸ்டிரோன். உங்களுக்கு இரண்டு மருந்து எழுதியிருப்பதன் காரணம் இதுவே. ஆகவே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: பேட்ச்சைப் போட்டுக்கொண்டு, கேப்ஸ்யூல் ஒத்துவரவில்லை என்று அதை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒத்துவரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

இரண்டாவது அடிதான் பெரியது. பெண்கள் நல முன்முயற்சி என்ற பெயரில் அமெரிக்க அரசின் செலவில் மாபெரும் ஆய்வு ஒன்று நடந்தது. அதன் ஒரு பிரிவில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள் இருந்தார்கள். ஒரு பாதிக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2002 ஜூலையில், சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆன நிலையில், இந்தப் பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் மருந்துச் சீட்டுகள் பாதிக்கும் கீழே போயின. உங்கள் அக்கா காதில் விழுந்திருப்பது அந்த நாளின் எதிரொலி.

26 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் எதில் 26 சதவீதம் என்று கேட்க வேண்டும். வெற்று மாத்திரை சாப்பிட்ட 10,000 பேரில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு எட்டுப் பேர் கூடுதல். இதே கணக்கில் மாரடைப்பு போன்ற இதயநோய் 7, பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக்கட்டி 8 என்று கூடியது. இடுப்பெலும்பு முறிவு 5-ம் பெருங்குடல் புற்றுநோய் 6-ம் குறைந்தது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அது சின்ன எண் ஆகாது, அதனால் இதை அலட்சியமாகச் சொல்லவில்லை. "தொட்டால் புற்றுநோய்" என்ற பேச்சுக்கும் இந்த எண்களுக்கும் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, அந்த ஆய்வில் இருந்தவர்கள் யார்? வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பலர் அதிக எடை உள்ளவர்கள். சூடு பொங்குவதற்கு மருந்து உதவுமா என்று பார்ப்பதற்காக அந்த ஆய்வைச் செய்யவில்லை, அது உதவும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். வயதான பெண்களுக்கு இதயநோயைத் தடுக்குமா என்பதுதான் கேள்வி. தடுக்காது என்று பதில் வந்தது. அந்தப் பதில் சரியானது. அதை 49 வயதில் தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்ணுக்கும் அப்படியே பொருத்தியதுதான் தவறு. அந்தத் தவறால் ஒரு தலைமுறைப் பெண்கள் மருந்து இருந்தும் தவித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

அதே ஆய்வின் இன்னொரு பிரிவில் கர்ப்பப்பை எடுத்துவிட்ட 10,739 பெண்கள் இருந்தார்கள். ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும், மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். பக்கவாதம் சற்றுக் கூடியதால் அதையும் 2004-ல் நிறுத்தினார்கள். ஆனால் அந்தப் பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது குறைந்தே இருந்தது. இரண்டு பிரிவுகளையும் சேர்த்து 18 ஆண்டுகள் கவனித்த முடிவு 2017-ல் வெளிவந்தது. ஹார்மோன் எடுத்தவர்களில் 27.1 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். அதாவது மரண விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

இங்கே நிறுத்திவிட்டால் நான் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னதாகிவிடும். 2019-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்த பெரிய அலசல் ஒன்று வந்தது. 50 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் இரண்டு ஹார்மோன்களையும் தினமும் எடுத்தால், அடுத்த 20 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 6.3 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகிறது என்றது அது. ஐம்பது பேருக்கு ஒருவர் கூடுதல். புரோஜெஸ்டிரோனை மாதத்தில் சில நாள் மட்டும் எடுத்தால் எழுபது பேருக்கு ஒருவர். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் இருநூறு பேருக்கு ஒருவர். கடைசி எண் முந்தைய ஆய்வோடு முரண்படுகிறது. லான்செட் அலசல் மக்களைக் கவனித்துச் சொன்னது, அந்த அமெரிக்க ஆய்வு குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. நான் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வது இப்படி: ஈஸ்ட்ரோஜன் தனியாகச் செய்யும் கெடுதல் இருந்தாலும் சிறிது. கூடச் சேரும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனால்தான் அபாயம் ஏறுகிறது. அது எந்த வகை, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. உங்களுக்கு எழுதியிருப்பது நம் உடலில் சுரப்பதைப் போன்ற மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் என்றே நினைக்கிறேன், சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்சில் ஏராளமான பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பழைய செயற்கை வகைகளை விட இதில் மார்பக அபாயம் குறைவாகத் தெரிந்தது. குலுக்கல் முறைச் சோதனையில் இது இன்னும் உறுதியாகவில்லை. இருந்தாலும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தூக்கக் கலக்கம் தரும் என்பதால் இதைப் படுக்கப் போகும்போது எடுக்க வேண்டும். உங்களுக்கு அதுவும் ஒரு நன்மைதான்.

பேட்ச் ஏன் நல்ல தேர்வு என்றேன்? மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டுவது, அது நுரையீரலுக்கு ஏறுவது எல்லாம் இந்த வழியில்தான். தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தத்தில் கலந்துவிடும். பேட்ச், ஜெல் எடுத்தவர்களிடம் ரத்தக்கட்டி அபாயம் கூடியதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. ரத்த அழுத்தம், அதிக எடை, ஒற்றைத் தலைவலி, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நான் மாத்திரைக்கு முன் தோல் வழியைத்தான் யோசிப்பேன். கட்டுக்குள் இருக்கும் உங்கள் ரத்த அழுத்தம் இதற்குத் தடை இல்லை.

பெரியம்மாவைப் பற்றி. 68 வயதில், அதுவும் தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ இல்லாமல் தாயின் அக்காவுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் உங்கள் அபாயத்தைப் பெரிதாக ஏற்றாது. குடும்பத்தில் பலருக்கு, குறிப்பாக 50 வயதுக்கு முன் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் கதை வேறு. அப்போது மரபணு ஆலோசனை முடித்துவிட்டுத்தான் முடிவு. உங்களுக்கே முன்பு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலோ, சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி வந்திருந்தாலோ, கல்லீரல் நோய் தீவிரமாக இருந்தாலோ இந்த வழி பொதுவாக வேண்டாம். தொடங்குமுன் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வேண்டிய வயது வந்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஹார்மோன் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. 45 வயதுக்கு மேல் அந்த எண் நாளுக்கு நாள் மாறும், உங்கள் வயதும் அறிகுறிகளுமே போதும். எச்சிலில் ஹார்மோன் பார்த்து உங்களுக்கென்றே கலவை தயாரித்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கலவையில் புரோஜெஸ்டிரோன் போதுமான அளவு இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் பலர் கவனிக்காமல் விடும் இரண்டு குறிப்புகள். மாதவிடாய் நின்றதாகச் சொல்ல முழுதாகப் பன்னிரண்டு மாதம் ஆக வேண்டும். உங்களுக்கு எட்டுதான். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனைத் தினமும், புரோஜெஸ்டிரோனை மாதத்தில் 12 முதல் 14 இரவுகள் மட்டும் என்று கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் மாதத்துக்கு ஒரு முறை சிறிது ரத்தப்போக்கு வரும், அது எதிர்பார்ப்பதுதான். இப்போதே இரண்டையும் தினமும் எடுத்தால் ஒழுங்கற்ற கசிவு தொல்லை தரலாம். உங்கள் சீட்டில் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, இது கருத்தடை மருந்து இல்லை. 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டுகள் கருத்தடை தேவை.

தொடங்கிய பின் என்ன எதிர்பார்க்கலாம்? சில வாரங்களில் சூடு தணியும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். சராசரியாக, சூடு பொங்கும் தடவைகள் நான்கில் மூன்று பங்கு குறைகின்றன. இதற்கு மிக அதிகப் பலன் தரும் சிகிச்சையாகக் கருதப்படுவது இதுதான். முதல் மாதங்களில் மார்பு கனத்து வலிப்பது, லேசான தலைவலி, சொட்டுச் சொட்டாகக் கசிவது எல்லாம் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். மாதாமாதம் எதிர்பார்ப்பதைத் தவிர்த்து ஆறு மாதத்துக்குப் பிறகும் கசிவு தொடர்ந்தால், அல்லது நின்றது திரும்பவும் தொடங்கினால், ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பேட்ச்சை அடிவயிற்றிலோ பிட்டத்திலோ, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி ஒட்டுங்கள். மார்பில் ஒட்டக் கூடாது. ஒரு நன்மை பேசாமல் நடந்துகொண்டிருக்கும்: ஈஸ்ட்ரோஜன் இறங்கும் இந்த ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது, சிகிச்சை அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஞாபகசக்திக்காக என்று மட்டும் யாரும் தொடங்க வேண்டாம். 65 வயதுக்கு மேல் தொடங்கியவர்களிடம் மறதி நோய் கூடியதாகவே அந்தப் பெரிய ஆய்வு காட்டியது.

வயது இதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சாட்சி. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கினால், தடை ஏதும் இல்லாதவர்களுக்கு நன்மையே மேலோங்கும் என்பது மருத்துவச் சங்கங்களின் இன்றைய நிலை. ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவு சேர்ந்துவிட்ட பிறகு புதிதாகத் தொடங்குவது வேறு விஷயம். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் பெட்டியில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்பது பற்றிய எச்சரிக்கை மட்டும் இருக்கும். பழைய தாளைப் பெட்டிக்குள் பார்த்து நடுங்கிய பெண்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், அந்த வகையில் எனக்கு இதில் மகிழ்ச்சி. இதை எல்லோரும் எடுக்கலாம் என்ற அனுமதியாகப் படித்துவிடவும் கூடாது.

ஒரு கூட்டத்தைத் தனியாகச் சொல்லியே தீர வேண்டும். 40 வயதுக்கு முன், ஏன் 45-க்கு முன்பேகூட, தானாகவோ அறுவை சிகிச்சையாலோ சினைப்பை ஓய்ந்துபோன பெண்கள். இவர்களுக்கு இது உடலில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது. இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை, அதாவது 50, 51 வரை எடுக்கச் சொல்வதே முறை. எடுக்காமல் விட்டால் எலும்புத் தேய்வும் இதயநோயும் முன்கூட்டியே வரும் வாய்ப்பு கூடும். 63 வயதுப் பெண்களிடம் கண்ட எண்களைக் காட்டி 38 வயதுப் பெண்ணைப் பயமுறுத்துவதை நான் மன்னிக்க முடியாத பிழை என்பேன்.

பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று மட்டும் தொல்லை இருப்பவர்களுக்குக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமோ மாத்திரையோ உள்ளே வைத்தால் போதும். ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம், கூடவே புரோஜெஸ்டிரோனும் வேண்டாம். 70 வயதிலும் பயன்படுத்தலாம். சூடு பொங்குவது காலப்போக்கில் தணியும், இந்த வறட்சி தானாகத் தணியாது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

ஹார்மோனே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது நியாயமான முடிவுதான். ஹைப்போதலாமஸில் கட்டவிழ்ந்த அந்தச் செல்களை நேராக அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்தை 2023-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே எடுக்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகளான பராக்ஸடின், வென்லாஃபாக்சின் குறைந்த அளவில், இரவுத் தொல்லைக்கு நரம்பு வலி மருந்தான காபாபென்டின், இவையும் ஓரளவு உதவும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்ஸிஃபென் எடுப்பவர்கள் பராக்ஸடினைத் தவிர்க்க வேண்டும், அது டாமோக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சோயா, மூலிகைகளுக்கு ஆதாரம் பலவீனம்.

எத்தனை வருடம் என்றீர்கள். ஐந்து வருடத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்ற விதி இல்லை. மார்பக அபாயம் கால அளவோடு ஏறுவதால் வருடத்துக்கு ஒருமுறை "இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா" என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். நிறுத்தும்போது ஒரேயடியாகவும் நிறுத்தலாம், படிப்படியாகவும் குறைக்கலாம். சிலருக்குச் சூடு திரும்பி வரும், அப்போது மறுபடி யோசிக்கலாம்.

இப்போதைக்கு, மூன்று மாதம் கழித்துப் பார்க்கும் நாளை மருத்துவரிடம் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு சின்ன நோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சூடு, எத்தனை மணி நேரத் தூக்கம், என்றைக்கு ரத்தக் கசிவு என்று மூன்று மட்டும் எழுதி வாருங்கள். அன்றைக்கு அளவை ஏற்றுவதா, இறக்குவதா, மாற்றுவதா என்று மருத்துவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். முடிந்தால் அக்காவையும் கூட அழைத்துப் போங்கள். அவர் வயதென்னவோ, கேட்டுக்கொள்ள அவருக்கும் ஏதாவது இருக்கலாம்.